சூடேறாத தொட்டி

ஜிஜாவுக்கு எதையாவது மூடி வைத்தால் திறந்து பார்த்தாக வேண்டும். சோறு வேகும்போது சும்மா சும்மா மூடியைத் தூக்குவாள். கிறிஸ்துமஸ் கேக் வேகும்போதும் அதே கதைதான். அதனால் வருஷா வருஷம் நடுவில் குழி விழுந்த கேக்தான் அவர்கள் வீட்டில். கணவன் யோசுவா அந்தக் குழியைப் பார்த்து, "இது நமக்க வீட்டு கேக்காக்கும்" என்பான். அவன் கேலி செய்வதில் அவளுக்குக் கோபமில்லை. அந்தக் கேலி உண்மையாக இருப்பதுதான் அவளைக் குடைந்தது. தையல் படித்துப் பாதியில் விட்டாள். காளான் வளர்த்து, முளைக்கிறதா என்று கிளறிக் கிளறியே அதைக் கொன்றாள்.

குளத்தூர் வாசகசாலைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மனையில் மாதிரித் தோட்டம் போட்டு, வீட்டுக் குப்பையை உரமாக்கச் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றாள். விவசாய ஆபீசிலிருந்து வந்த ஸ்வப்னா வகுப்பெடுத்தாள். ஆளுக்கொரு கம்பிவலைத் தொட்டி, எல்லாம் ஒரே அச்சு. அடியில் ரப்பர் சருகு, அதன்மேல் பச்சைச் சாணி, பிறகு மரச்சீனிக் கிழங்கின் தோலும் மீன் கழிவும், மறுபடி சருகு.

"பின்னே சும்மா விடணும். அது தன்னாலே சூடாவும். கை வைக்க முடியாத சூடு வந்தா ஜெயிச்சு," என்றாள் ஸ்வப்னா, பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக. அடுத்த வகுப்பில் யாருடைய தொட்டி நன்றாகச் சூடேறியிருக்கிறதோ அவர்களைப் பாறசாலையில் தொடங்கப் போகும் தோட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புவதாகவும் சொன்னாள்.

அந்தக் கடைசிச் சொல்தான் ஜிஜாவின் தூக்கத்தைக் கெடுத்தது. பாறசாலையில் நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும். ஒரு காரியத்தையாவது தொடங்கி முடித்தவள் என்று பேர் வாங்க வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு எந்த ஆசையும் இல்லை.

அவளுக்கு அடுத்த தொட்டி பக்கத்து வீட்டு லீலாபாயுடையது. புருஷன் இல்லை, பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். தனியாக இருக்கிறாளே என்று ஜிஜாதான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். லீலாபாய் வகுப்பில் சொன்னபடி தொட்டியை நிரப்பி, கையைக் கழுவிவிட்டுப் போனதோடு சரி. பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. தொட்டிகளில் தொங்கிய சின்னப் பலகைகளில்தான் யாருடையது எது என்று எழுதியிருந்தது.

ஜிஜாவோ காலையில் பால் வாங்கும் சாக்கில் ஒரு தரம், சாயங்காலம் கடைக்குப் போகும் சாக்கில் ஒரு தரம் வந்துவிடுவாள். சருகை விலக்கிக் கையை விட்டால் லேசான வெதுவெதுப்பு இருக்கும். அது அவளுக்குப் போதாது. கிளறுவாள், தண்ணீர் தெளிப்பாள். மறுநாள் அந்த வெதுவெதுப்பும் போயிருக்கும்.

"அடையில இருக்க கோழியை எழுப்பி எழுப்பி முட்டை பாத்தா குஞ்சு வருமா பிள்ளே? அதை அதுக்க பாட்டுக்கு விடு," என்றான் யோசுவா.

"ஒங்களுக்கு எல்லாம் தமாசு. எனக்க வெப்ராளமும் பதைப்பும் எனக்கில்லியா தெரியும்."

அடுத்த வகுப்பு நெருங்க நெருங்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்போதுதான் தென்னை ஞாபகம் வந்தது. காய்க்க மறுக்கும் தென்னைக்கு இந்தப் பக்கத்தில் ஒரே வைத்தியம்தான்: மரத்தடியைத் தோண்டிக் கல்லுப்பும் சாம்பலும் போட்டு மூடுவார்கள். தென்னைக்கு உறைப்பது குப்பைக்கு உறைக்காதா? ஒரு பை கல்லுப்பைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டி, நன்றாகக் கிளறிவிட்டு, வெகுநாள் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் கையை விட்டால் கிணற்றுச் சேறு மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. உப்புப் போட்ட மீன் அழுகாது என்பது கருவாடு தின்று வளர்ந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன புத்தி இது என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

வகுப்பு நாள் காலையில் யாரும் வருமுன்னே போனாள். அவளுடைய தொட்டி அப்படியேதான் கிடந்தது. பக்கத்துத் தொட்டிக்குள் கையை விட்டவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். கொதித்தது. யாரும் எட்டிப் பார்க்காத, யாரும் தொடாத தொட்டி. ஜிஜாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சுற்றிலும் பார்த்தாள். இரண்டு பலகைகளையும் கழற்றி மாற்றித் தொங்கவிட்டாள்.

எல்லோரும் வந்தார்கள். ஸ்வப்னா ஒவ்வொரு தொட்டியாகக் கைவைத்து வந்து, ஜிஜாவின் பேர் தொங்கிய தொட்டியில் கையை உதறிக்கொண்டு சிரித்தாள். "ஜிஜா சேச்சி, கலக்கிட்டீங்க. எல்லாரும் வந்து தொட்டுப் பாருங்க. சேச்சி, எப்படிச் செஞ்சீங்கன்னு இவங்களுக்குச் சொல்லுங்க."

கேட்க ஏங்கிய வார்த்தைதான். ஆனால் தான் செய்ததைச் சொன்னால் நாளைக்கு ஊர் முழுக்கக் குப்பையில் உப்பைக் கொட்டும்.

அதற்குள் லீலாபாய் தன் பேரைத் தேடிப் போய், குளிர்ந்த தொட்டிக்குள் கையை விட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச காரியம்தான்," என்றாள், யாரையும் பார்க்காமல் சிரித்தபடி. "எனக்க கையில ஒண்ணும் நிக்காது. பெத்த பிள்ளைகளே நிக்கல்ல. பின்னையாக்கும் குப்பை."

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், பாறசாலை ஜிஜாவுக்குத்தான். ஆனால் அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"லீலாக்கா, நில்லுங்க. பலகையை நான் மாத்திப் போட்டேன். சூடானது ஒங்களுக்குள்ளது. குளுந்து கெடக்கது எனக்குள்ளது. நான் அதுல உப்பு போட்டேன்."

"உப்பா?" என்று பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஸ்வப்னாவின் முகம் இறுகிவிட்டது. மண் பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது ஜிஜாவுக்கு. லீலாபாய் திரும்பி வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றே ஜிஜா நினைத்தாள். அவளோ ஜிஜாவைத் தாண்டிப் போய், சூடான தொட்டியின் முன்னால் குந்தி, சருகை விலக்கி, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள்.

"பாறசாலைக்கு அப்போ லீலாபாய் சேச்சிதான்," என்றாள் ஸ்வப்னா. சொல்லிவிட்டு மற்றவர்களை அடுத்த தொட்டிக்கு நகர்த்திக்கொண்டு போனாள். ஜிஜா மட்டும் அங்கேயே நின்றாள். லீலாபாயின் நெற்றியில் வேர்வை அரும்பியது. கையை அவள் எடுக்கவே இல்லை.

"அக்கா, கை வெந்திரும். எடுங்க."

"கொஞ்ச நேரம் இருக்கட்டு, மக்கா," என்றாள் லீலாபாய்.