இரும்புப் பக்கம் பசை இல்லை

என் அண்ணன் வாய்ச்சவடால் பேர்வழி. பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் பக்கத் தகடு ஒட்டுவது அவன் வேலை. இரும்புச் சட்டத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, பசை இழுத்து, ஃபைபர் தகட்டை வைத்து அழுத்த வேண்டும். "நான் ஒட்டினதப் பிரிக்கணும்னா எமனே கடப்பாறையோடதான் வரணும்" என்பான். எமன் வெறுங்கையோடுதான் வந்தான்.

வேகமாகப் போன பஸ் ஒன்று பாலத்து முனையில் இருந்த பள்ளத்தில் தடாலென்று விழுந்து எழுந்தது. அண்ணன் ஒட்டிய தகடு சட்டத்தை விட்டு உரிந்து போயிற்று. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் வெளியே விழுந்து செத்துப்போனாள்.

விசாரணைக்கு வந்தவர் தகட்டைப் புரட்டிப் பார்த்தார். பசை முழுக்க ஃபைபர் பக்கம் இருந்தது. இரும்பு வெறுமையாகப் பளபளத்தது. நல்ல ஒட்டு என்றால் பசை நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் நிற்கும். இரும்பில் ஒன்றுமே இல்லை, ஆகவே துடைக்காமல் ஒட்டியிருக்கிறான் என்று எழுதிவிட்டார். அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வழக்கும் வந்தது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். ஒருநாள் அந்தப் பெண்ணின் அப்பா வீட்டுக்கே வந்தார். சண்டை போடவில்லை. "தொடச்சியாப்பா? அத மட்டும் சொல்லு" என்று கேட்டார். அன்றைக்கு அடங்கியது அவன் பேச்சு.

"பாப்பா, நீ இதத்தானே படிச்சிருக்க. கண்டுபிடிச்சுச் சொல்லேன்" என்றான் என்னிடம்.

ஆமாம், என் பிழைப்பு அதுதான். இரண்டு பொருள் ஒட்டிய இடத்தில் திடீரென்று அடி விழுந்தால் விரிசல் எங்கே தொடங்கி எந்த வழியாக ஓடும் என்று கம்ப்யூட்டரில் மாடல் போட்டுப் பார்க்கிற ஆய்வகத்தில் இருக்கிறேன். அந்தப் பாழாய்ப்போன தகடு வழக்குக்காக எங்களிடமே வந்து சேர்ந்தது. ஒட்டியவன் என் அண்ணன் என்று ஆய்வகத்தை நடத்தும் மேடத்திடம் சொன்னேன். "நீ கிட்டயே போகக்கூடாது" என்று அடுத்த மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆனா சார்'. காபி நன்றாக இருக்கிறதா என்றால்கூட "இருக்கு, ஆனா..." என்று இழுப்பார்.

அவர் போட்ட முதல் மாடலில், துடைத்த ஒட்டு நடுவில்தான் கிழிந்தது. அண்ணன் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

"சார், பசையோட பலத்துக்கு எந்த நம்பர் போட்டீங்க?"

"கம்பெனி குடுத்ததுதாம்மா. மெஷின்ல மெதுவா இழுத்துப் பாத்தது."

"மெதுவாவா? பஸ் என்ன நத்தை மாதிரி ஊர்ந்தா போச்சு?"

கத்தியே விட்டேன். மேடம் எட்டிப் பார்த்தார், ஆனால் திட்டவில்லை. வெடுக்கென்று அடித்தால் பசை வேறு குணம் காட்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் விட்டுப்போயிருந்தது.

அதே பசையால் இரும்பு, ஃபைபர் துண்டுகளை ஒட்டிக் காயவைத்து, சுத்தியல் விழுகிற மெஷினில் அடித்துப் புது எண்கள் எடுத்தார்கள். இந்தத் தடவை மாடலில் விரிசல் நடுவில் தொடங்கியது, சட்டென்று இரும்பு ஓரத்துக்குத் தாவியது, அதையே பிடித்துக்கொண்டு கடைசி வரை ஓடியது. இரும்புப் பக்கம் பசையே இல்லை. நன்றாகத் துடைத்த ஒட்டிலேயே! வெட்கமில்லாமல் அங்கேயே அழுதேன்.

"ஆனா..." என்றார் அவர்.

"இப்ப என்ன ஆனா?"

"தொடைக்காததையும் போட்டுப் பாத்தேம்மா. அந்த அடிக்கு அதுவும் இதே மாதிரிதான் உரியுது. ரெண்டையும் எழுதித்தான் ஆகணும்."

எழுதினார். வழக்குக்கு அது போதுமாக இருந்தது. எப்படி ஒட்டியிருந்தாலும் உரிந்திருக்கும், வெறும் பசையை நம்பி அங்கே தகடு வைக்கச் சொன்னதே தப்பு என்று அண்ணனை விட்டுவிட்டார்கள்.

தீர்ப்பு வந்ததும் அவன் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்த அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமேயாவது ஒரு வாய் ஒழுங்கா சாப்புடுவாரான்னு பாரு" என்றாள். அண்ணன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான்.

"தொடச்ச ஒட்டுன்னு வந்துச்சா பாப்பா?"

"தொடச்சிருந்தாலும் இப்படித்தான் உரியும்னு வந்துச்சுண்ணா."

"தொடைக்காம விட்டிருந்தா?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவனிடம் நான் சொன்ன பொய் எதுவும் இதுவரை எடுபட்டதில்லை.

"அப்பவும் இப்படித்தான்."

தன் கைகளைப் பார்த்தான். "எத்தனையோ பஸ்ஸு. கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்கு அளந்துக்கிட்டு இருக்கும். அந்தத் தகட்டுக்குத் தொடச்சனான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். ஞாபகமே வரல."

"உன்மேல தப்பில்லன்னுட்டாங்க. விடுண்ணா."

"அது கேஸுக்கு. கண்டுபிடிக்கவே முடியாதா?"

"முடியாதுண்ணா." இதற்காகவா இத்தனை படித்தேன் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

எழுந்து சட்டையை மாட்டினான்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் அண்ணி.

"அந்தப் பொண்ணோட அப்பா வீட்டுக்கு. தெரியலங்கன்னு சொல்லிட்டு வரேன்."

"நானும் வரேன்ணா. மாடல் என்ன சொல்லுதுன்னு அவருக்கு எடுத்துச் சொல்றேன்."

"வேணாம் பாப்பா" என்றான். "அவர் கேட்டது என்னைத்தான்."