முப்பத்தேழு கிலோ

வெங்காயக் கொட்டிலின் சுவரில் சண்முகநாதன் சோக்கட்டியால் எழுதிவைத்திருந்த நிறைக் கணக்கில் "குணம் 37" என்ற வரி அழிந்து, அந்த இடத்தில் "பெட்டி 36" என்று இருந்தது. அவன் தங்கை குணலட்சுமி அதைக் கண்டும் காணாதவள்போல ஈயம் ஒட்டும் கோலைச் சிரட்டைத் தணலில் செருகினாள்.

சண்முகநாதன் கொழும்பில் சின்ன விமானங்கள் திருத்தியவன். எண்பத்துமூன்று கலவரத்தில் உடுத்த சாரத்தோடு ஊருக்கு ஓடிவந்தான். பிறகு சண்டை; இளம் ஆட்கள் ஊரைவிட்டுத் தரையால் போக அனுமதிப் பாஸ் இல்லை, கடலில் நேவிக் காவல். ஆகாயம்தான் மிச்சம் என்று, கார் எஞ்சினையும் அலுமினியக் குழாயையும் வைத்து எட்டு வருடம் கழித்துக் கொட்டிலுக்குள் இந்தச் சின்ன விமானத்தைக் கட்டத் தொடங்கினான். இந்தியா போய்ச் சேரும்வரை அவன் இரண்டு கையாலும் எஞ்சினுக்கு எண்ணெய் பம்பு அடிக்கவேண்டும். ஆகவே விமானம் சாயாமல் ஓட்டுந்தடியைப் பிடிக்க இன்னொருவர் தேவை. குணலட்சுமி ஆறு மாதமாக அந்த இருக்கையில் இருந்து, மேசனின் ரசமட்டக் குமிழியைப் பார்த்துத் தடியை நேராகப் பிடித்துப் பழகியிருந்தாள்.

தை மாதம் அம்மாவுக்குப் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதன் பிறகுதான் அண்ணை பெட்டி செய்யத் தொடங்கினான். பம்பரம்போலச் சுழலும் ஒரு பழைய கருவி, இரண்டு வைப்பர் மோட்டார், இரண்டு கார் பற்றரி. விமானத்தின் செட்டை இடப்பக்கம் சாய்ந்தால் மோட்டார் தடியை வலப்பக்கம் இழுக்கும். ஆள் வேண்டாம். மூன்று கிழமையாக அதற்கு வயர் ஒட்டியவள் அவள்தான்.

"அண்ணை, உந்தப் பெட்டியை இறக்குங்கோ. தடியை நான் பிடிக்கிறன்."

பாரம் தாங்காது என்றான்.

"ஒரு கிலோதானே கூட. தலைமயிரை வெட்டிவிடுறன்."

அவன் சிரிக்கப் பார்த்தான். "அம்மாவை ஆர் பிரட்டிப் படுக்கவைக்கிறது, குணம்?"

"அப்ப நீங்கள் நில்லுங்கோ, நான் போறன்."

"உனக்கு விமானத்தைத் தரையில இறக்கத் தெரியாதே."

அது உண்மை. அவன் பற்றரிக்குத் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனான்.

மிச்சம் இரண்டு வயர், சிவப்பும் கறுப்பும். மாற்றி ஒட்டினால் சாய்ந்த செட்டையைப் பெட்டி இன்னும் சாய்க்கும். அவள் ஒட்டியதை அவன் ஒருநாளும் சோதித்ததில்லை. மாற்றியே ஒட்டினாள். ஈயம் பளபளத்து மங்கியது.

வீட்டுக்குள்ளிருந்து அம்மா குழறிய குரலில் அண்ணையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

குணலட்சுமி கோலைத் திரும்பவும் தணலில் செருகினாள். இரண்டையும் கழற்றிச் சரியாக ஒட்டினாள். அவன் வந்ததும் செட்டையைச் சாய்த்துப் பார்க்கச் சொன்னாள். மோட்டார் உறுமித் தடியை மறுபக்கம் இழுத்தது.

"பாத்தியோ, உன்னைவிட நல்லாப் பிடிக்குது," என்றான் அவன்.

"வயரையும் ஈயத்தையும் நிறுக்க மறந்திட்டியள் அண்ணை. உதுவும் முப்பத்தேழுதான் வரும். திருத்தி எழுதுங்கோ."

சொல்லிவிட்டு அம்மாவைப் பிரட்டப் போனாள்.