நாலு மணிக்கு மேல் இந்தக் கதை இல்லை

1

இந்தக் கதை என் இளகிய மனசிலிருந்து பிறந்தது என்று சொல்ல ஆசைதான். பொய். ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். வீட்டு வேலை செய்பவர்களுக்குச் சம்பளமும் வேலை நேரமும் வரையறுத்துப் புதுச் சட்டம் வந்திருக்கிறதே, அதற்குச் சிறப்பிதழ் போடுகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் மனதை உருக்குகிற மாதிரி ஒரு கதை வேண்டும் என்றார். ஆகட்டும் என்றேன். சரக்கு கைவசம் இருந்தது. எங்கள் வீட்டு அடுப்படியில் குக்கரின் ரப்பர் வளையத்தைக் கழுவிக்கொண்டிருந்தது.

(பார்த்தீர்களா, சரக்கு என்று நினைத்தாலே ஆளை அஃறிணை ஆக்கிவிடுகிறது கை. இருக்கட்டும், அந்த வரியை அடிக்க மாட்டேன்.)

2

முதல் தொடக்கம்:

‘அவள் கண்களில் ஆயிரம் ஆண்டுச் சோகம் தேங்கி —’

இந்த வரியை அக்காவிடமே படித்துக் காட்டினேன். எங்கள் வீட்டில் ஆறு வருடமாக வேலை செய்கிறவர். என்னைவிட நாலு வயது இளையவர், ஆனாலும் அக்கா. நான் அவருக்கு மேடம்.

“சோகமெல்லாம் இல்ல மேடம். பாத்ரூம் கழுவுற மருந்து. கண்ணு எரியுது, வேற வாங்குங்கன்னு மூணு வாரமா சொல்றேன்.”

ஆயிரம் ஆண்டு மூன்று வாரமாகச் சுருங்கிவிட்டது. மருந்தை இன்னும் மாற்றவில்லை.*

* இன்னொன்றும் கவனித்தேன். வரைவில் ‘அவள்’ என்றிருக்கிறது. முன்னால் நிற்கும்போது ‘அவர்’. உருக்க வேண்டுமென்றால் முதலில் மரியாதையைக் குறைக்க வேண்டும் போலிருக்கிறது.

3

இப்போது ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதையே அதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

சட்டம் வந்ததும் எல்லா வீட்டிலும் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்றார்கள். அக்கம்பக்கத்தில் அச்சடித்த படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கினார்கள். நான் அப்படிச் செய்வேனா? ஐந்து புத்தகம் போட்டவள். படிவத்தின் தமிழ் வாயில் நுழையவில்லை என்று நானே உட்கார்ந்து ஒன்பது பிரிவுகளில் எழுதினேன். காலை எட்டு முதல் மாலை நாலு. வாரம் ஒரு நாள் விடுமுறை. அவர் சம்மதித்தால் மட்டும் மிகை நேரம், அதற்கு இரட்டைச் சம்பளம். ஆறாவது பிரிவு படிவத்தில் முக்கால் பக்கம் இழுத்தது. நான் அதை ஒரே வரியாக்கினேன்:

‘காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே.’

என்ன ஓசை, என்ன கச்சிதம்! கூடத்தில் நின்று இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். என் கணவர் கை தட்டினார். அக்கா கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை மடித்து எடுத்துப் போனார்.

4

திங்கள், நாலு மணி. அக்கா பையைத் தோளில் மாட்டிவிட்டார். “ஒரு அஞ்சு நிமிஷம் அக்கா, கதைக்கு ரெண்டு விஷயம் கேக்கணும்.” உட்காரச் சொன்னேன். டீ நானே போட்டுக் கொடுத்தேன். (இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேறு சாட்சி இல்லை.) விட்டபோது மணி ஐந்து.

செவ்வாய், ஐந்து அடிக்கப் பத்து நிமிடம்.

புதன், சரியாக ஐந்து. ‘சின்ன வயசில் உங்கள் கனவு என்ன?’ என்று கேட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே “ஞாபகமில்ல” என்றார். நோட்டில் எழுதினேன்: ‘கனவுகளும் பறிக்கப்பட்ட —’

இல்லை. அவருடைய கனவு அந்த நேரத்தில் முக்குக் கடையோரம் ஹாரன் அடித்துக் காத்திருந்து போயிருக்கிறது. எனக்கு அது வியாழக்கிழமை காலைதான் தெரிந்தது.

5

வியாழன், எட்டு மணி. அக்கா துடைப்பத்தை எடுக்காமல் என் மேசைக்கு வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார்.

“ஆறாவத வாசிங்க மேடம். நீங்க வாசிச்சா நல்லா இருக்கும்.”

வாசித்தேன். முன்பு போல ஓசை வரவில்லை.

“ஆனா அது வேலை இல்லையே அக்கா. சும்மா பேசிட்டுத்தானே இருந்தோம்?”

“நீங்க பேசினீங்க. நான் எப்ப விடுவீங்கன்னு உக்காந்திருந்தேன். நடுவுல எழுந்து போயிருந்தா மறுநாள் மூஞ்சிய எப்படி வெச்சிருப்பீங்க?”

மூஞ்சியை இப்போதே எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை எனக்கு.

“சரி, மூணு நாளைக்கும் இரட்டைச் சம்பளம் —”

“அது குடுத்துத்தான் ஆகணும், எழுதியிருக்கு. நான் கேக்க வந்தது வேற. டிரைவிங் கிளாஸ் போறேன். தினம் நாலே காலுக்கு முக்குல கார் வரும். மூணு நாளும் நான் இல்ல. நாளைக்கு லைசென்ஸ் டெஸ்டு. இன்னிக்கு வந்து ரிவர்ஸ்ல வண்டிய நிறுத்திக் காட்டினாத்தான் கூட்டிட்டுப் போவேன்னு மாஸ்டர் சொல்லிட்டார். இன்னிக்கு நாலு மணின்னா நாலு மணி. நாளைக்கு லீவு.”

“கார் ஓட்டி என்ன பண்ணப் போறீங்க?”

“ஸ்கூல் வேன். ஆள் தேடறாங்க.”

6

இங்கே நான் வெட்கப்படுகிறேன். வேன் என்று கேட்டதும் முதலில் நினைத்தது, பாத்திரம் யார் கழுவுவார்கள்? தொழிலாளர் உரிமை பற்றி மேடையில் முழங்கிய அதே ஆள்தான். அந்தச் சூட்டோடு சூடாகக் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) அக்கா தேர்வில் தோற்கிறார். திங்களன்று வழக்கம்போல வருகிறார். நான் ஆறுதல் சொல்கிறேன். (முதலில் எழுதியது இதைத்தான். சரளமாக வந்தது.)

(ஆ) அக்கா வெல்கிறார். நான் ஆனந்தக் கண்ணீர் —

(இ) அக்கா வேன் ஓட்டுகிறார், ஆனால் விசுவாசத்தால் காலையில் வந்து எங்களுக்குச் சமைத்து —

மேசை துடைக்க வந்தவர் (அ)வைப் படித்துவிட்டார். “கதையில கூட என்னை ஃபெயில் ஆக்குவீங்களா மேடம்?” என்றார். சிரிக்கவில்லை. ஆறு வருடத்தில் இவர் என்னிடம் வைத்த ஒரே வேண்டுகோள் கண் எரியாத மருந்து. இப்போது இது இரண்டாவது. (நாலு மணியும் லீவும் வேண்டுகோள் இல்லை, ஒப்பந்தம்.)

(அ)வை அடித்தேன். (இ)யை அவர் பார்ப்பதற்குள் கிழித்தேன்.

7

இதை எழுதும்போது மணி நாலு அடிக்க மூன்று நிமிடம். அக்கா அடுப்பு மேடையைத் துடைத்து, துணியைப் பிழிந்து காயப்போடுகிறார். கதைக்கு எனக்கு ஒரே ஒரு பதில் தேவை: ‘பாஸ் ஆகிட்டா எங்கள விட்டுப் போயிடுவீங்களா?’ கேட்டால் அருமையான முடிவு கிடைக்கும். பதில் சொல்ல அவர் நிற்பார். அதுதான் எனக்குப் பயம்.

பை தோளுக்குப் போய்விட்டது. செருப்பு மாட்டுகிறார். நான் வாயைத் திறந்துவிட்டேன். அவர் கை கதவில் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்கிறார், பிறகு என்னை.

“என்ன மேடம்?”

“ஒண்ணுமில்ல அக்கா. கிளம்புங்க. ரிவர்ஸ்ல கண்ணாடிய பாத்துக்குங்க.”

“உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப சும்மா இருங்க,” என்று சொல்லிப் படியிறங்கிவிட்டார்.

மணி நாலு. என்னிடம் முடிவு இல்லை. உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எப்படி வேண்டுமானாலும். ஆனால் அதற்காக அவரை மட்டும் திரும்பக் கூப்பிட்டுவிடாதீர்கள். முக்கில் கார் வந்திருக்கும்.