காமாலை வராதவர்

நாள் முழுக்கக் கத்தியோடு குடும்பம் நடத்துகிற கட்டிங் மாஸ்டருக்கு ஊசியைக் கண்டால் மட்டும் உயிர் தொண்டைக்கு வந்துவிடும். ஆள் என்னவோ ஆறடி. அப்படிப்பட்டவர் அன்றைக்குத் தையல் ஆலையின் சாப்பாட்டுக்கூடத்தில், ரத்ததான முகாம் வரிசையில் நின்றார். பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் அக்கா வீட்டுக்காரர், அத்தான், அன்று லீவு என்று விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

காரணம் இருந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன் அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்தும் ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். வீட்டிலேயே அந்த வகை அக்காவுக்கும் தம்பியான இவருக்கும்தான். "சின்ன வயசுல எனக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கு அத்தான், என் ரத்தம் ஆகாது" என்று இவர் வாய் கூசாமல் சொன்னார். வெளியிலிருந்து ரத்தம் வர நாலு மணி நேரம் ஆயிற்று. அக்கா அதுவரை இருக்கவில்லை.

எடை பார்த்தார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார்கள். படிவத்தை வைத்துக்கொண்டு நர்ஸ் ஊருக்கே கேட்கிற மாதிரி விசாரித்தாள்.

"காலைல சாப்பிட்டீங்களா? மாத்திரை ஏதாவது போடுறீங்களா? மஞ்சள் காமாலை வந்திருக்கா?"

"வந்ததில்லம்மா."

சொல்லிவிட்டுத் திரும்பினால், பின்னால் அத்தான். கையில் அவருக்கும் ஒரு படிவம். லீவைப் பாதியில் முடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

கட்டிலில் படுக்க வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னாள். மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சுருக்கென்று ஒரு குத்து. அடுத்து பெரிதாக வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. பத்து நிமிடத்தில் பஞ்சை வைத்து ஒட்டி, "முடிஞ்சுது சார், கொஞ்ச நேரம் உக்காந்து ஜூஸ் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். பாவி மனுஷன், இந்தப் பத்து நிமிடத்துக்கா பயந்து செத்தார்!

பிஸ்கட் மேசைக்கு எதிரில் அத்தான் வந்து உட்கார்ந்தார். திட்டுவார், அடித்தால்கூடத் தேவலை என்று மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மாப்ள, அன்னைக்கு நீ சொன்னதை நான் நம்பல," என்றார் அத்தான். "உள்ள போய் அவகிட்டயே கேட்டேன்."

"அக்காகிட்டயா?"

"ம். 'ஆமாங்க, வந்துச்சு, நான்தான் பத்தியம் பாத்தேன். அவனைப் போட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னா. அவளே சொன்னப்புறம் நான் என்ன செய்ய?"

மாஸ்டரின் கையிலிருந்த ஜூஸ் சட்டையெல்லாம் சிந்தியது. அத்தனை பேர் நடுவில், பஞ்சு ஒட்டிய கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"வலிக்கவே இல்லையே அத்தான்," என்றார். "வலிக்கவே இல்லையே."