சாமான் அறையில் காய்ந்த கிளைகள்

வியாழக்கிழமை மாதா சுரூபம் உங்கள் வீட்டுக்கு வருகிறது என்று யோசப்பின் தொலைபேசியில் சொன்னபோது, கொறற்றி சாமான் அறைக் கதவுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். கதவின் கீழ் இடுக்கில் ஈரத் துவாயை மடித்து அடைத்திருந்தாள். அப்படியும் வாசனை கசிந்து வந்தது.

"என்னடி, சத்தத்தைக் காணேல்ல?" என்றாள் யோசப்பின்.

"ஒண்டுமில்லை அக்கா. வரட்டும். சந்தோசம்."

ஒக்டோபர் செபமாலை மாதம். ஜெர்மனியின் பான் நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அந்த மாதம் முழுவதும் மாதாவை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் செபம் சொல்வார்கள். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. நோயாளி இருக்கிற வீட்டில் அப்படிச் சொல்ல வாயே வராது. கொறற்றியின் கணவர் ஜேசுரட்ணம் நான்கு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறார். பூட்டிய சாமான் அறைக்குள் அவருக்காக அவள் வளர்த்த கஞ்சாச் செடியின் கிளைகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

ஜேசுரட்ணம் மன்னாரிலிருந்து வந்து, பார்சல் பிரிக்கும் நிலையத்தில் பெட்டி தூக்கி உழைத்தவர். முதலில் கால் மரத்தது. பிறகு கண் மங்கியது. எம்.எஸ். என்று டொக்டர்கள் இரண்டே எழுத்தில் சொல்லி முடித்தார்கள். நரம்பைச் சுற்றியுள்ள உறை தேய்ந்துபோகிற நோய். உட்கார்ந்திருக்கும்போதே கால்கள் இரண்டும் திடீரென்று பலகைபோல விறைத்து அவரை நாற்காலியிலிருந்து கீழே தள்ளப் பார்க்கும். வலது கை இறுகிய முட்டியாகவே மூடிக்கொண்டது. நகம் உள்ளங்கையைக் கிழிக்காமல் இருக்க கொறற்றி ஒவ்வொரு காலையும் விரல்களுக்கிடையே துணியை நுழைத்துத் துடைப்பாள். அப்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். டொக்டர்கள் கொடுத்த குளிசைகள் அவரை நித்திரையாக்கின. கையைத் திறக்கவில்லை.

அந்த வருடத் தொடக்கத்தில், 2007இல், மறுவாழ்வுக் கிளினிக்கில் அவருடைய அறையில் ஹோர்ஸ்ட் என்றொரு ஜெர்மன்காரர் இருந்தார். மரவேலை செய்தவர், அதே நோய். அவர் வீட்டுக்குப் போகிற நாளில் தன் மனைவியைக் கொண்டு ஒரு தயிர்க் கோப்பையில் சின்னக் கன்று ஒன்றைக் கொண்டுவரச் செய்து, தன் கால்களின் விறைப்பைத் தளர்த்தியது இதுதான் என்று ஜேசுரட்ணத்தின் மடியில் வைத்தார்.

"உங்களுக்கு விசரே? கஞ்சா!" என்றாள் கொறற்றி, விஷயம் விளங்கியதும்.

"ஒருக்கா வளத்துப் பாப்பம். ஏலாட்டி எறிவம்."

"பொலிஸ் அறிஞ்சா?"

"பொலிசைவிட நீர் எங்கட சனத்துக்குத்தான் பயப்பிடுறீர்," என்றார் அவர். உண்மைதான். அவள் தயிர்க் கோப்பையை லீக்ஸ் மரக்கறிக் கட்டுக்குள் மறைத்து, ட்ராமில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அவர்களுடைய வீடு தானன்புஷ் மாடிக் குடியிருப்பில் இரண்டு அறை. பால்கனிக்கு நேரே எதிர் வீட்டு ஜன்னல்கள். சமையலறைக்குப் பக்கத்தில் ஜன்னலில்லாத சாமான் அறை ஒன்றுதான் மறைவு. மாவு வாளியையும் தூசி உறிஞ்சியையும் வெளியே எடுத்துவிட்டு அங்கே ஒரு விளக்கைப் பொருத்தினாள்.

அவள் அந்தச் செடியை வெறுப்போடுதான் வளர்க்கத் தொடங்கினாள். தண்ணீர் ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் வெறுத்துக்கொண்டே எத்தனை நாள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? வெயிலே படாத அந்தப் பெட்டி அறைக்குள் அது ஒவ்வொரு நாளும் வளர்ந்திருந்தது. கதவைத் திறக்கும் நேரமெல்லாம் நேற்று இல்லாத இலை ஒன்று அவளைப் பார்த்து விரிந்திருக்கும். கோடை முடிவில் பூத்தது. பூவின்மேல் கண்ணுக்குத் தெரிகிறதும் தெரியாததுமாகப் பளிங்குத் துளிகள், உப்பளத்தின் ஓரத்தில் முதல்முதல் பூக்கிற உப்பைப்போல. விரலால் தொட்டால் ஒட்டியது. எலுமிச்சந்தோலும் ஈர மண்ணும் வேறென்னவோவும் சேர்ந்த மணம். கொறற்றி தன்னை அறியாமலே மணம் கூந்தலில் ஏறாமல் தலையில் போட்டிருந்த துவாயைச் சரிசெய்துகொண்டு நின்றாள், கோயிலுக்குள் நிற்பதுபோல.

முதலில் கீழ்க்கிளைகளை மட்டும் வெட்டிக் காயவிட்டாள். காய்ந்ததைப் பாலில் காய்ச்சி, கொஞ்சமாக, பயந்து பயந்து கொடுத்தாள். முதல் கிழமை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் தலை சுற்றுகிறது என்று சிரித்தார், அவ்வளவுதான். பிறகு ஒரு மத்தியானம் அவள் வேலையால் வந்து பார்த்தபோது அவர் நாற்காலியில் நித்திரையாகக் கிடந்தார். குளிசை நித்திரை அல்ல. கால்கள் இரண்டும் முழங்காலில் மடிந்து, தளர்ந்து, பாதங்கள் சாதாரண மனிதனுடைய பாதங்களைப்போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அவள் கோட்டைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்து அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீதிக் கிளைகளை வெட்டிக் கொடியில் கட்டிய பிறகுதான் மாதா வருகிற செய்தி வந்தது. வளரும்போது இருந்த வாசனை, காயும்போது வந்ததற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. சின்ன விசிறி ஒன்று இருட்டுக்குள் மெல்லச் சுற்ற, வீடு முழுக்க அந்த மணம் ஏறியது. கறி மணக்கிறது என்று முறைப்பாடு சொல்கிற கீழ்வீட்டுக்காரிக்கு இப்போது கொறற்றி வேண்டுமென்றே கருவாடு பொரித்தாள். மணத்தை மணத்தால்தான் மூடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கிளைகளை வெளியே எறிந்துவிடலாமா என்றும் யோசித்தாள். எறிந்தால் அவருடைய கால்கள் மறுபடி பலகையாகிவிடும்.

வியாழன் மாலை ஆட்கள் வந்து விறாந்தையில் சப்பாத்துகளைக் கழற்றினார்கள். கொறற்றி சாமான் அறைக் கதவுச் சட்டம் முழுக்க நாடா ஒட்டி, அதற்கு முன்னால் துணி காயப்போடும் சட்டகத்தை விரித்துப் போர்வை தொங்கவிட்டிருந்தாள். சட்டியில் சாம்பிராணியை அள்ளிப் போட்டிருந்தாள். புகையில் பிள்ளைகள் இருமினார்கள்.

"என்னடி, கோயிலைவிடப் புகையா இருக்கு," என்றாள் யோசப்பின். தமிழ்ச் சனத்துக்கு ஆஸ்பத்திரியிலும் அலுவலகங்களிலும் மொழிபெயர்த்துக் கொடுக்கிறவள் அவள். செபக்கூட்டத்தை நடத்துபவளும் அவள்தான். சுரூபத்தை ஜேசுரட்ணத்துக்கு முன்னால் இருந்த சின்ன மேசையில் வைத்தாள்.

நாட்டில் சண்டைக்குள் அகப்பட்ட சனத்துக்காகச் செபமாலையின் முதல் பத்து மணிகளைச் சொன்னார்கள். இரண்டாவது பத்தையும் சொன்னார்கள். கொறற்றி செபத்தைவிட, மணம் கசிகிறதா என்று மூக்கைத்தான் கவனித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதை யார் சொல்வது என்று யோசப்பின் பார்த்தபோது ஜேசுரட்ணம், "நான் சொல்லுறன்," என்றார்.

செபமாலை யோசப்பினின் கையில் இருந்தது. அவள் வழக்கப்படி அதை அவருடைய கழுத்தில் போட எழுந்தாள். அவர் தலையை அசைத்து வேண்டாம் என்றார். மடியிலிருந்து வலது கையை உயர்த்தி அவளிடம் நீட்டினார். முட்டி மெல்லத் தளர்ந்தது. சின்ன விரல் முதலில், பிறகு அடுத்தது, பிறகு மற்றவை. நடுங்கிக்கொண்டே விரல்கள் விரிந்து உள்ளங்கை மேலே பார்த்தது. வெளிச்சம் காணாத வெள்ளையாக, ஈரமாக, நகத் தழும்புகளோடு இருந்தது அந்த உள்ளங்கை.

அந்தக் கை தானாகத் திறக்கும் என்பது கொறற்றிக்கே தெரியாது. அவள் வேலைக்குப் போன நேரங்களில் அவர் தனியே விரல்களை விரித்துப் பயிற்சி செய்திருக்க வேண்டும்.

யோசப்பின் செபமாலையை அந்தக் கையில் வைத்தாள். விரல்கள் அதைப் பிடித்தன. "அருள் நிறைந்த மரியாயே," என்று ஜேசுரட்ணம் தொடங்கினார். பதில் செபம் ஒவ்வொரு குரலாக வந்து சேர்ந்தது.

செபம் முடிந்ததும் யோசப்பின் அழுதாள். "புதுமை. எங்கட கண்ணுக்கு முன்னால மாதா செய்த அற்புதம். ஞாயிற்றுக்கிழமை ஃபாதரிட்டச் சொல்லிக் கோயில்ல அறிவிக்க வேணும்." எல்லாரும் வந்து அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஆட்கள் போன பிறகு யோசப்பின் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவ நின்றாள். ஜேசுரட்ணம் சமையலறை வாசலுக்கு நாற்காலியை உருட்டி வந்தார்.

"இஞ்சேரும். அக்காவுக்குக் காட்டும்."

"என்னத்தை?" என்றாள் கொறற்றி.

"கோயில்ல பொய் அறிவிக்க ஏலாது. காட்டும்."

அவள் போர்வையை விலக்கி நாடாவை உரித்தாள். கதவு திறந்ததும் மணம் ஓர் ஆள்போல வெளியே வந்தது. யோசப்பின் கையில் நுரையோடு எட்டிப் பார்த்தாள். கிளைகள் விசிறிக் காற்றில் லேசாக அசைந்தன. காய்ந்து சுருங்கிய பூக்களில் சமையலறை வெளிச்சம் பட்டு ஆயிரம் பொட்டுகளாக மின்னியது.

"இதென்ன?"

கொறற்றி சொன்னாள். தயிர்க் கோப்பையிலிருந்து பால்வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

யோசப்பின் திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். யோசப்பின் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு உள்ளே போய் ஒரு கிளையின் நுனியை மெல்லப் பிடித்துப் பார்த்தாள்.

"இவ்வளவு வடிவா இருக்குமெண்டு நான் நினைக்கேல்ல," என்றாள். பிறகு வெளியே வந்து அவளே கதவைச் சாத்தினாள். "ஃபாதரிட்ட நான் ஒண்டும் சொல்லப்போறேல்ல. ஆனா புதுமை எண்டு சொன்னதை நான் திருப்பி எடுக்கவும் மாட்டன். விளங்குதே?"

"ஓம் அக்கா."

"கொறற்றி, இதை ஒளிச்சு வைச்சு எவ்வளவு காலம் பயந்து சாவாய்? டொக்டரிட்ட நேரே சொல்லு. அவை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, சட்டம் அப்பிடி. டொக்டரைச் சந்திக்கிற Termin நான் எடுத்துத் தாறன். கூட வாறன்."

வந்தாள். நரம்பு டொக்டர் ஓர் இளம் பெண். ஜேசுரட்ணத்தின் விரல்களைத் திறந்து மூடிப் பார்த்தாள், முழங்காலை மடக்கிப் பார்த்தாள், பழைய குறிப்புகளைப் புரட்டினாள். என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். யோசப்பின் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. ஜேசுரட்ணம் தன் உடைந்த ஜெர்மனிலேயே சொன்னார். டொக்டர் எழுதுவதை நிறுத்தி, அந்தக் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். வீட்டில் வளர்ப்பது என் காதில் விழவில்லை என்றாள். ஆனால் இதை மருந்தாக எடுக்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம், ஒரு சிலருக்குத்தான் கிடைக்கிறது, நான் எழுதித் தருகிறேன் என்றாள்.

அனுமதி அடுத்த கோடையில்தான் வந்தது. அதுவரை அந்தக் கிளைகளே கைகொடுத்தன. பிறகு மருந்துக்கடையில் வாங்கலாம் என்றானதும் கொறற்றி விளக்கைக் கழற்றினாள். மாவு வாளி தன் இடத்துக்குத் திரும்பியது. வேரோடு காய்ந்த அடித்தண்டை எறிய மனம் வராமல் ஒரு நாள் முழுக்க மேசையில் வைத்திருந்து பார்த்தாள்.

ஜேசுரட்ணம் எழுந்து நடக்கவில்லை. நடப்பார் என்று டொக்டரும் சொல்லவில்லை. கை சில நாட்களில் திறக்கும், சில நாட்களில் திறக்காது. திறக்கிற நாட்களில் கொறற்றி அவரை ரைன் ஆற்றங்கரைக்கு உருட்டிக்கொண்டு போவாள். நிலக்கரி ஏற்றிய நீண்ட கப்பல்கள் பாரத்தில் விளிம்புவரை தண்ணீரில் அமிழ்ந்தபடி போகும். ஒரு சனிக்கிழமை அவர் கையை உயர்த்தி, விரல்களை விரித்து, யாரென்றே தெரியாத கப்பல்காரன் ஒருவனுக்கு அசைத்தார். அவன் தொப்பியைக் கழற்றி அசைத்தான். கப்பல் பாலத்துக்கு அப்பால் மறையும்வரை இருவரும் அசைத்துக்கொண்டேயிருந்தார்கள்.