அடித்தாளில் ஒரு ‘க’

தங்கச்சி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்களை ஊர் பார்த்திருக்கிறது, நகை எடுக்கப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறது. பேனா எடுக்கப் போன ஒரே ஆள் இர்ஃபானாதான். நிக்காஹ்வுக்கு நான்கே நாள் இருந்தது. பந்தல்காரர் ஒரு பக்கம், சமையலுக்கு ஆள் பேச வந்தவர் ஒரு பக்கம் என்று வீடு அல்லோலகல்லோலப்பட்டுக் கொண்டிருக்கையில், அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு புதுக்கோட்டை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மணப்பெண் சாமியா வாசல் வரை வந்து, “லாத்தா, ஒரு பேனாவுக்கா இம்புட்டு தூரம் போறே? முக்குக் கடையிலயே விக்குதே” என்று சிரித்தாள். சிரிக்கட்டும். எட்டு மாதம் அழுதவள் சாமியா இல்லையே.

அந்த எட்டு மாதக் கதை இதுதான். அவர்கள் ஊர் ஜமாஅத்தில் கல்யாணத்தைப் பதிகிற புத்தகத்துக்கு நிக்காஹ் தப்தர் என்று பெயர். ஒரு கல்யாணத்துக்கு மூன்று தாள், இடையில் இரண்டு கார்பன். மேல்தாள் ஜமாஅத்துக்கு, நடுத்தாள் மாப்பிள்ளை வீட்டுக்கு. மிச்சமிருக்கிற அடித்தாள் யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா? பெண்ணுக்குத்தான். மேலே எழுதியது கீழே வந்து சேர்வதற்குள் எழுத்துக்குப் பாதி உயிர் போய்விடும். இர்ஃபானாவின் அடித்தாளில், அவள் கணவன் கலீல் ரஹ்மானின் பெயரில் இருந்த ‘க’வுக்கு வலப்பக்க வளைவு விழவே இல்லை. வளைவு போன ‘க’ என்ன ஆகும்? ‘ச’ ஆகும். விசாவுக்காக அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதிவிட்டார். ஆங்கிலச் சான்றிதழில் இர்ஃபானா, சலீல் ரஹ்மான் என்கிற யாரோ ஒருவரின் மனைவியாகிப் போனாள்.

கலீல் மஸ்கட்டில், இவள் இங்கே. விசா திரும்பி வந்தது. ஜமாஅத் கடிதம், நோட்டரி, சென்னையில் முத்திரை என்று அலைந்து திருத்தி முடிக்க எட்டு மாதம். மகள் பிறந்ததையும் குப்புற விழுந்ததையும் கலீல் போனில்தான் பார்த்தார். ஆரம்பத்தில் “சலீல் பேசுறேன்” என்று போனில் வேடிக்கை செய்வார், இவளும் சிரிப்பாள். ஐந்தாம் மாதம் அதே வேடிக்கைக்குப் போனை வைத்துவிட்டு அழுதாள். அதன்பிறகு அவர் அப்படிச் சொன்னதில்லை.

இப்போது சாமியாவின் முறை. மாப்பிள்ளை முகமது ரபீக்குக்கும் வேலை மஸ்கட்டில்தான், லீவு இருபதே நாள். திரும்பிப் போகும்போது பெண்ணின் அடித்தாளைக் கையோடு கொண்டுபோய் விசாவுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. எந்த எழுத்தில் எந்த வளைவு விழாமல் போகுமோ என்பதுதான் இர்ஃபானாவின் கவலை.

பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தீர்ந்தது என்று நீங்கள் சொல்வீர்கள். அவளும் அதைத்தான் ஜமாஅத் செயலாளர் ராஜா முகமதுவிடம் போய்ச் சொன்னாள். ராஜா முகமது நல்ல மனிதர், ஆனால் தீர்மானப் பிரியர். பழைய புத்தகத்தில் பால்பாயிண்ட் எழுத்து மங்கிப்போனதால், இனி மைப்பேனாதான் என்று ஒரு கூட்டத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். கார்பன் வைத்து மூன்று தாள் எழுதுவது என்று வேறொரு கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். இரண்டு தீர்மானங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. போதாததற்கு அவரிடம் இருந்தது யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தங்க நிப் பேனா. நிப் நோகுமே என்று தாளில் பட்டும் படாமலும் எழுதுவார்.

“மைப்பேனாதாம்மா. அத மாத்த முடியாது” என்றவர், இர்ஃபானாவின் முகம் போன போக்கைப் பார்த்து இரங்கி, “எந்த மைப்பேனான்னு தீர்மானத்துல இல்ல” என்றும் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம் போதாதா? எழுத்துப் பிழையால் கழித்துப் போட்டிருந்த தப்தர் தாள்களை ஒரு கட்டாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, அன்றே பஸ் ஏறிவிட்டாள்.

கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஷீபாவின் பேனாக் கடை. கடை சின்னது, அதன் பேர் இன்ஸ்டாகிராமில் பெரியது. ஷீபா தினம் ஒரு பேனாவைப் பிரித்து வீடியோ போடுகிற பெண். இர்ஃபானா கண்ணாடி மேசைமேல் மூன்று தாளையும் கார்பன்களையும் அடுக்கி விஷயத்தைச் சொன்னதும், ஷீபாவின் கண் அகன்றது. கையெழுத்து அழகாக வர வேண்டும், பரிசாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் வருவார்களாம். மூன்றாம் தாளுக்குப் பேனா கேட்டு யாரும் வந்ததில்லையாம். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதல் பேனா பார்க்க லட்சணமாக இருந்தது. இர்ஃபானா ‘கலீல்’ என்று எழுதினாள். அழுத்தியதும் நிப் காக்கை அலகு மாதிரி இரண்டாகப் பிளந்தது. மேலே பட்டையாக மை, கீழே தூக்கிப் பார்த்தால் சலீல். இரண்டாவது ஊசி மாதிரி நிப், மேல்தாளைக் கிழித்துக்கொண்டு போனது. மூன்றாவது கனமான பேனா. அதில் ‘க’வுக்குப் பாதி வளைவு விழுந்தது. பாதி வளைவு எதற்கு ஆகும்? மொழிபெயர்ப்பவர் நல்ல மனநிலையில் இருந்தால் கலீல், இல்லாவிட்டால் சலீல்.

“யாருக்கா இந்தக் கலீல்?” என்று கேட்டாள் ஷீபா.

“எங்க வீட்டுக்காரரு.”

“அப்ப விடக்கூடாது” என்று ஷீபா எழுந்து, உள் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பேனாவை எடுத்து வந்தாள். எந்த ஆடம்பரமும் இல்லை. நிப் முழுவதும் கூட்டுக்குள் மறைந்து, நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. இர்ஃபானா தன் முக்காட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அழுத்தினால் விரியாத எஃகு நிப் என்றும், முனை உருண்டை என்பதால் தாளைக் கிழிக்காது என்றும் ஷீபா சொன்னாள்.

எழுதினாள். மேல்தாளைத் தூக்கினாள், நடுத்தாளைத் தூக்கினாள். கடைசி கார்பனையும் விலக்கினாள். நீலத்தில், வளைவும் சுழியுமாக, கலீல்.

மறுபடி எழுதினாள். மறுபடியும் கலீல். ஏழு தடவை எழுதினாள், ஏழு தடவையும் அவள் புருஷன் அவள் புருஷனாகவே இருந்தான். ஷீபாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். குதிக்க வேண்டும் போல இருந்தது, கடைக்குள் அதற்கு இடமில்லை.

எழுதப்போவது ராஜா முகமது, அவருக்குப் பூத்தொடுக்கிற கை என்பது அப்புறம்தான் உறைத்தது. அதைச் சொன்னதும் ஷீபா யோசித்தாள். பிறகு நிப்பை லேசாகக் கிள்ளி ஏதோ செய்தாள்.

“மை இனிமே கொஞ்சம் கஞ்சமா வரும்க்கா. லேசா எழுதுனா வரி வரியா விட்டுப்போகும். அவரு தன்னால அழுத்துவாரு பாருங்க” என்றாள். புது கார்பன் இரண்டும் வைத்துக் கொடுத்தாள்.

கல்யாணத்தன்று காலை, கூடத்து சோபாவில் ராஜா முகமது வந்து அமர்ந்தார். பெண் வீட்டு அன்பளிப்பு என்று பேனாவை நீட்டியதும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். புது கார்பனையும் வைத்தாயிற்று. இனி என்ன என்று இர்ஃபானா மூச்சு விடுகையில், அவர் தன் பையிலிருந்து ஜரிகை வைத்த வெல்வெட் மெத்தை ஒன்றை எடுத்து மடியில் போட்டார். அதன்மேல் தப்தரை வைத்தார்.

இர்ஃபானாவுக்குப் பகீரென்றது. கடையில் எழுதியது கண்ணாடி மேசைமேல். பஞ்சுமேல் எழுதினால் அழுத்தமெல்லாம் பஞ்சுக்கல்லவா போகும்? தன் கல்யாணத்திலும் இதே மெத்தை இருந்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. எட்டு மாதத்தைத் தின்றது நிப் மட்டுமில்லை, இந்த மெத்தையும்தான்.

டீப்பாய்மேல் வைத்து எழுதலாமே என்று கேட்டுப் பார்த்தாள். தப்தரை மெத்தைமேல்தான் வைப்பது, அது மரியாதை என்று அவர் சொல்லிவிட்டார். அவள் தாய் ஹவ்வா உம்மாள் கண்ணால் அதட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனா மூடி திறந்தாயிற்று.

இர்ஃபானாவின் கண் கூடமெல்லாம் ஓடியது. ஜன்னலோரம் மிச்சமான கல்யாண அழைப்பிதழ்கள் அடுக்கியிருந்தன. சாமியா அடம்பிடித்து அச்சடித்த, பலகை மாதிரி கெட்டியான அட்டை. அன்றைக்கு வீட்டில் அதற்காக அவளை யார்தான் திட்டவில்லை? ஒன்றை எடுத்தாள். எழுத்து புடைத்திருக்கிற பக்கத்தைக் கீழே திருப்பிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

“மெத்தை அப்படியே இருக்கட்டும் மாமா. அடித்தாளுக்குக் கீழ இத மட்டும் சொருகிக்கிறேன்.”

ராஜா முகமது அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“சொருகக்கூடாதுன்னு தீர்மானம் இல்ல” என்றார்.

எழுதத் தொடங்கினார். முதல் வரியில் மை விட்டுப்போனது. “என்னம்மா, மை வர யோசிக்குதே” என்றபடி அழுத்தினார். இர்ஃபானா மனதுக்குள் ஷீபாவுக்கு ஆயிரம் துஆ செய்தாள். மணமகன் பெயர், மணமகள் பெயர், இரு பக்கத்துச் சாட்சிகளின் பெயர்கள் என்று எழுதி முடித்தார். சாமியா கையெழுத்திட்டாள், பிறகு தப்தர் பள்ளிவாசலுக்குப் போய், நிக்காஹ் முடிந்து, அடித்தாள் வீடு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தது, கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்த கலீல். இர்ஃபானா வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முகமது ரபீக், ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. சாமியா, அப்படியே இருந்தாள். தங்கச்சி இருபது நாளில் தவித்து நிற்க மாட்டாள். கண் தானாகக் கீழே இறங்கியது. பெண் வீட்டுச் சாட்சி என்ற கட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. முதல் எழுத்தின் வலப்பக்க வளைவைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் நீலம் ஒட்டியது.

கலீல் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். இரண்டு வருடமாக வாயில் எடுக்காத வேடிக்கையை, தயங்கித் தயங்கி எடுத்தார்.

“யாரு பேரு அது, சலீலா?”

“கலீல்” என்றாள் இர்ஃபானா, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. “எங்க மச்சான் கலீல்.”