சோன்கோல் ஏரியில் வெந்த அரிசி

கணவாயின் உச்சியில் வண்டி நின்றது. என் கணவரின் அண்ணன், நாங்கள் அகா என்று அழைக்கும் தல்கின், பிளாஸ்க்கைத் திறந்து கோப்பையில் சாய்த்தார். டீ வரவில்லை. சிவப்பு அரிசி விழுந்தது.

"ஹிலோலா, என்ன கூத்து இது?"

"உஸ்கென் ஊரு அரிசி அகா. காலைல கடையில கொதிதண்ணி வாங்கி, உப்புப் போட்டு ஊற வச்சேன். டீ பச்சை பிளாஸ்க்ல இருக்கு."

"பாத்தியா ரவ்ஷன், உன் பொண்டாட்டி அரிசிக்கு டீ குடுக்கறா."

ரவ்ஷன் மலையைப் பார்த்தார். அண்ணன் பேசும்போது அவர் வேறு எங்காவதுதான் பார்ப்பார்.

வீட்டுக்குள் சமைப்பது நாங்கள். வெளியே கொப்பரை ஏறினால் கரண்டி ஆண்கள் கையில். போன கோடையில், இப்போது போகிற இதே சோன்கோல் ஏரிக்கரையில் அகா புலாவ் செய்தார். ஊரில் எவ்வளவு நேரம் விடுவாரோ அவ்வளவே விட்டு மூடியைத் திறந்தார். அந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஆனால் சூடு போதாது. அரிசி பல்லில் நெறுநெறுத்தது. எல்லோரும் பிரமாதம் என்றார்கள். நான் மட்டும், வேகவில்லை என்றேன்.

"அப்ப அடுத்த வருஷம் நீயே பண்ணு," என்றார் அகா. "வேகலைன்னா அதோட சரி. ஏரிக்கு நாங்க வருவோம். நீ வீட்ல இரு."

வண்டி அவருடையது. சொன்னால் சொன்னதுதான். ஆண்டு முழுவதும் நான் சுவர்களைப் பார்க்கிறேன். ஏரிக்குச் சுவர் கிடையாது.

கரையில் மரமும் கிடையாது. மந்தைக்காரர்களிடம் காய்ந்த சாணம் வாங்கி அடுப்பு மூட்டினேன். ஆட்டின் வால் கொழுப்பு உருகியது. ஆட்டுக்கறி, வெங்காயம், மஞ்சள் கேரட், சீரகம். மேலே அரிசியைப் பரப்பித் தண்ணீர் விட்டேன். தண்ணீர் வற்றியதும் மூடி, விளிம்பைச் சுற்றிப் பிசைந்த மாவை ஒட்டினேன். மூடிமேல் கற்களை ஏற்றினேன்.

"கொப்பரைக்குச் சமாதி கட்டறா," என்றார் அகா.

"மூடியைத் திறக்கறவருக்கும் பக்கத்துல இடம் இருக்கு," என்றாள் அவர் மனைவி மத்லூபா.

ஏரி நீலமாகவே இருந்தது. அக்கரை மலை மட்டும் கறுத்தது. பிறகு ஆலங்கட்டி விழுந்தது. எல்லோரும் வண்டிக்கு ஓடினார்கள். நெருப்பு சீறியது. அகா திரும்பி ஓடிவந்தார்.

"திற! அடுப்பு அணையப் போகுது. வெந்த வரைக்கும் தின்னுடலாம்!"

மூடியை நோக்கிக் கை நீட்டினார். நான் கரண்டியால் அவர் மணிக்கட்டில் அடித்தேன். அடித்த பிறகுதான் அடித்தது தெரிந்தது.

"திறந்தா ஆவி போயிடும். தார்ப்பாயைப் பிடிங்க!"

அவர் என்னையே பார்த்தார். பிறகு தார்ப்பாயை எடுத்தார். இரண்டு முனைகளை அவர் பிடித்தார், இரண்டை ரவ்ஷன். அவர்கள் முதுகில் ஆலங்கட்டி தெறித்தது. நான் அடியில் குனிந்து, நனையாமல் கோட்டுக்குள் வைத்திருந்த சாணத்தை ஒவ்வொன்றாக நெருப்பில் வைத்தேன்.

"இன்னும் உசத்திப் பிடிங்க அகா," என்றார் ரவ்ஷன். அண்ணனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

மழை நின்றது. புல் வெள்ளையாகக் கிடந்தது. மந்தைக் குதிரைகள் உடலை உதறிக்கொண்டு மறுபடி மேய ஆரம்பித்தன. நான் காத்திருந்தேன். மாவு ரொட்டிபோல வெந்து இறுகியதும் கத்தியால் உடைத்தேன். ஆவி முகத்தில் அடித்தது. அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தது.

எங்கள் வழக்கப்படி முதல் பிடியைச் சமைத்தவர் தன் கையால் ஊட்ட வேண்டும். கறியும் சோறும் சேர்த்துப் பிடித்தேன்.

"வாயைத் திறங்க அகா."

அவர் தயங்கினார்.

"மத்த நேரம் மூடவே மாட்டீங்களே," என்றாள் மத்லூபா.

திறந்தார். மெதுவாக மென்றார். வேகாத ஒரு பருக்கையைப் பல்லால் தேடினார். நாங்கள் காது கொடுத்தோம். சத்தமே இல்லை. விழுங்கினார். மறுபடி வாயைத் திறந்தார்.

நான் கையைப் பின்னுக்கு இழுத்தேன்.

"முதல்ல அடுத்த வருஷத்தைச் சொல்லுங்க."

"ரெண்டு பிளாஸ்க்ல ஊற வை," என்றார்.